கையைத் தள்ளிவிட்ட அதிகாரி

கோபாலசிங்கம் அந்தப் பொய்யைச் சொன்னது முழுக்க முழுக்க மரியாதைக்காகத்தான். கையில் பன்னிரண்டு கோப்பிக் கோப்பைகளோடு நிற்கிற மனிதனிடம், அத்தனை வெளிநாட்டு அதிகாரிகளுக்கு நடுவில் வைத்து, "எங்கள் நாட்டில் உங்களிடம் யாராவது லஞ்சம் வாங்கினார்களா?" என்று கேட்டால் அவர் வேறு என்னதான் சொல்வார்?

சிசிலித் தீவின் பகேரியாவில் இருந்த அந்தப் பழைய வில்லாவில் கோப்பி போடுவது, கதிரை அடுக்குவது, அடைத்துக்கொண்ட குழாயைத் திறப்பது எல்லாம் கோபாலசிங்கத்தின் பொறுப்பு. பலேர்மோ நகரின் ஒரேத்தோப் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்து போவார். அந்த மாதம் வில்லாவை மூன்று கிழமைக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். ஆபிரிக்க நாடொன்றின் சுங்கம், துறைமுகம், காணிக் கந்தோர், ஆஸ்பத்திரி என்று பல இடங்களிலிருந்து பதின்மூன்று அதிகாரிகள், பொது நிறுவனங்களில் ஊழலை ஒழிப்பது எப்படி என்று படிக்க வந்திருந்தார்கள். எந்த நாடு என்று கேட்கவேண்டாம். அந்த நாட்டுக்காரர்கள் பலேர்மோவின் பல்லரோச் சந்தைப் பக்கம் கடை வைத்திருக்கிறார்கள். கோபாலசிங்கம் மரக்கறி வாங்குவதும் அங்கேதான்.

"ஊழலை ஒழிக்கப் படிக்கிறதுக்கு ஆரும் சிசிலிக்கு வருவினமோ?" என்று மனைவி ரதி முதல் நாளே சிரித்தாள்.

"வருத்தம் இருக்கிற இடத்திலைதான் நல்ல டொக்டரும் இருப்பார்" என்றார் கோபாலசிங்கம்.

வந்தவர்களுக்குத் தலைவி ஊழல் ஒழிப்பு ஆணைக்குழுவின் ஆணையாளர் அம்மையார். நல்ல உயரம், கனத்த குரல், தலையில் கோபுரம்போலக் கட்டிய மஞ்சள் துணி. அவர் பேசுவது இங்கிலிஷ். அதை மொழிபெயர்க்க மொனிகா இருந்தாள். கோபாலசிங்கத்தின் கூட்டாளி அகஸ்ரினின் மகள், பலேர்மோவிலேயே பிறந்து வளர்ந்தவள், தமிழையும் சிசிலிக்காரரைப் போல இழுத்து இழுத்துத்தான் பேசுவாள்.

அன்று தேநீர் இடைவேளையில் அம்மையார் தங்கள் தலைநகரின் பெயரைச் சொன்னபோது கோபாலசிங்கம் பேசாமல் கோப்பியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். "தெரியும், தெரியும்" என்று தலையை ஆட்டிவிட்டார்.

"எப்பிடித் தெரியும் எண்டு கேக்கிறா, அங்கிள்" என்றாள் மொனிகா.

"தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு ஐரோப்பாவுக்கு ஆள் அனுப்புற ஏஜென்சிக்காரன் என்னை அந்த வழியாலைதான் அனுப்பினவன். பதினொரு நாள் உங்கடை எயாப்போட்டிலைதான் படுத்தனான் எண்டு சொல்லு பிள்ளை."

அம்மையார் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்கடை ஆக்கள் காசு வாங்கினவையோ எண்டு கேக்கிறா. ஒளிக்காமல் சொல்லட்டாம்."

பதின்மூன்று முகங்களும் கோபாலசிங்கத்தைப் பார்த்தன. இரண்டு நாட்களாக ரோமிலிருந்து வந்த பேராசிரியர் திரையில் களவுகளையே காட்டிக்கொண்டிருந்தார். அந்த முகங்கள் எல்லாம் நோயாளியின் வீட்டுக்காரர்களின் முகங்கள்போல வாடிப்போயிருந்தன. போதாக்குறைக்கு, வில்லாவின் மனேஜர் தொத்தோர் புருனோ பின்னால் நின்று, விருந்தினர் மனம் நோகக்கூடாது என்று கண்ணைக் காட்டினார். கோபாலசிங்கத்தின் கொந்திராத்தோ, அதுதான் வேலை ஒப்பந்தம், அந்த மாதக் கடைசியில் முடிகிறது. ஐம்பத்துநாலு வயதில் புது வேலை எங்கே தேடுவது?

"சாய்! ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார். "நானாத்தான் நீட்டினனான். ஒரு ஒபிசர் என்ரை கையைத் தள்ளிவிட்டிட்டார்."

மொனிகா மொழிபெயர்த்தாள். அவர் சொன்னதைவிட அவள் சொன்னது மூன்று மடங்கு நீளமாக இருந்தது. அம்மையாரின் கண் கலங்கிவிட்டது.

"என்ன பிள்ளை சொன்னனி?"

"கொஞ்சம் வடிவாச் சொன்னனான், அங்கிள். 'இந்தக் காசை உன்ரை பிள்ளையளுக்கு வை, தம்பி' எண்டு அவர் சொன்னவராம்."

உண்மை என்னவென்றால், அந்த விமானநிலையத்தில் ஒரு அதிகாரி கோபாலசிங்கத்தை ஒரு சின்ன அறைக்குள் கூட்டிக்கொண்டுபோய், ஐந்நூறு டொலரையும் கையில் கட்டியிருந்த மணிக்கூட்டையும் வாங்கிக்கொண்டு, கடைசியில் காலைப் பார்த்தார். புதுச் சப்பாத்து. அதையும் கழற்றச் சொன்னார். கோபாலசிங்கம் ஐரோப்பாவில் காலடி வைத்தது ரப்பர்ச் செருப்போடு. இந்தக் கதையை அவர் இருபத்தைந்து வருடமாகப் பலேர்மோவின் எல்லாக் கலியாண வீட்டிலும் பிறந்தநாள் விழாவிலும் சொல்லியிருக்கிறார். சிலர் அதைக் கேட்பதற்கென்றே அவருக்குப் பக்கத்தில் கதிரை இழுத்துப் போடுவார்கள்.

"உங்களுக்கென்ன விசரோ?" என்றாள் ரதி, அன்று பின்னேரம். "வாங்கினவங்கள் எண்டு சொல்லியிருக்கலாமே. அதுக்குத்தானே அதுகள் காசு செலவழிச்சு இவ்வளவு தூரம் வந்திருக்குதுகள்!"

"பாவமாக் கிடந்தது, ரதி. விடும், நாளைக்கு மறந்திடுவினம்."

மறக்கவில்லை. அடுத்த நாள் அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது வெள்ளைப் பலகையில் அவருடைய பெயர் எழுதியிருந்தது. அதன் கீழே ஒரு வட்டம், வட்டத்திலிருந்து நாலைந்து அம்புக்குறிகள். பேராசிரியர் அவரை முன்னால் ஒரு கதிரையில் இருத்தினார்.

"உங்கடை கதை இப்ப பாடமாம், அங்கிள்" என்றாள் மொனிகா. "ஆயிரம் பேர் வாங்கேக்கை ஒருத்தர் மட்டும் ஏன் வாங்கேல்லை எண்டு ஆராயப்போகினமாம். அந்த ஒபிசர் எப்பிடி இருப்பார்?"

கோபாலசிங்கம் உலகத்தில் இல்லாத ஒரு மனிதனை மனதில் வரையப் பார்த்தார். கண்ணை மூடினார். அங்கே வந்து நின்றது ஒரே ஒரு முகம்தான். இருபத்தைந்து வருடமாக அவர் திட்டித் திட்டி மனப்பாடம் பண்ணி வைத்திருந்த முகம்.

"முன்பல்லு ரெண்டுக்கும் நடுவிலை இடைவெளி" என்று வாய் தானாகச் சொன்னது. "இடதுபக்கப் புருவத்திலை ஒரு தழும்பு. பையைத் துழாவேக்கை சேர்ச்சிலை பாடுற வேதப்பாட்டுப் பாடுவார்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மையார் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். சுங்கத்திலிருந்து வந்த இருவர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த நாள் அம்மையார் தன் தொலைபேசியை அவருடைய முகத்துக்கு நேரே நீட்டினார். தலை நரைத்திருந்தது, கன்னம் தொங்கியிருந்தது. ஆனால் அதே பல், அதே புருவம். கோபாலசிங்கத்தின் கையிலிருந்த தட்டு நிலத்தில் விழுந்து ஆறு கோப்பைகள் நொறுங்கின.

"அவர்தான்!" என்று பதின்மூன்று பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். கோபாலசிங்கம் வாய் திறக்கவே தேவைப்படவில்லை.

படத்தில் இருந்தவர் பெயர் ஜோசியா. இன்னும் அதே விமானநிலையத்தில்தான் வேலை. அடுத்த வருடம் ஓய்வு. பயிற்சியின் கடைசி நாளில் அவருக்கு நேர்மைக்கான பதக்கம் கொடுப்பதென்று அம்மையார் அங்கேயே அறிவித்தார். பதக்கத்தைக் கழுத்தில் போடுவது, வேறு யார், கோபாலசிங்கம்தான்.

"வேண்டாம் எண்டு சொல்லு பிள்ளை" என்று கோபாலசிங்கம் அவசரமாகச் சொன்னார். "அந்த மனுசனுக்கு இதெல்லாம் பிடிக்காது. மேடைக்கு வரவே மாட்டார்."

மொனிகா சொன்னாள். அம்மையார் நெஞ்சில் கைவைத்தார்.

"என்னவாம்?"

"அவ்வளவு தன்னடக்கமான ஆளோ எண்டு உருகிறா, அங்கிள். பதக்கத்தோடை ஒரு சான்றிதழும் குடுக்கப்போறாவாம்."

கோபாலசிங்கம் இரண்டு நாள் யோசித்தார். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தார். மொனிகாவையும் கூட்டிக்கொண்டு அம்மையாரிடம் போய், "ஒரு ஆளின்ரை சொல்லை மட்டும் நம்பக்கூடாது. அவரைப் பற்றி நல்லா விசாரிச்சுப் பாருங்கோ. பழைய முறைப்பாடு ஏதும் இருக்கும்" என்றார். என்னுடைய சப்பாத்தைக் கழற்றியவன் எத்தனை பேருடைய காற்சட்டையைக் கழற்றியிருப்பான் என்பது அவருடைய கணக்கு.

"இதுதான் முறை! இந்த மனிதர் சொல்வதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள்" என்று அம்மையார் வகுப்புக்குச் சொன்னார்.

நாலு நாளில் அறிக்கை வந்தது. மொனிகா அதைப் பார்த்து வாசித்தாள். "இருவத்தஞ்சு வருசத்திலை ஒரு முறைப்பாடும் இல்லையாம், அங்கிள். பயணியளிட்டை ஒரு ரொபி இனிப்புக் கூட வாங்கமாட்டாராம். ஆரும் காசை எடுத்தால் ரெண்டு கையையும் பின்னாலை கட்டிக்கொண்டு நிப்பாராம். அங்கை எல்லாரும் அவரைச் சாமியார் எண்டுதான் கூப்பிடுகினமாம்."

'என்ன கெட்டிக்காரக் கள்ளன்!' என்று கோபாலசிங்கம் மனதுக்குள் பல்லைக் கடித்தார். 'ஒருதரம்கூட அகப்படேல்லையே!'

இதற்குள் ஜோசியாவின் பயணமும் சரிவந்துவிட்டது. உண்மையில் பயிற்சிக்கு வரவேண்டியவர்கள் பதினான்கு பேர். பதினான்காமவரை விமானம் ஏறுகிற அன்று லஞ்ச வழக்கில் பிடித்து உள்ளே போட்டுவிட்டார்கள். அவருடைய ரிக்கெற் சும்மா கிடந்தது. அதில் ஜோசியாவின் பெயரை எழுதினார்கள். நாலே நாளில் விசாவும் கிடைத்தது. ரதியின் தம்பி மூன்று வருடமாக விசாவுக்கு அலைகிறான்.

கடைசிக்கு முதல்நாள் கோபாலசிங்கம் முடிவெடுத்தார். நேர்மையைப் பற்றித்தானே மூன்று கிழமையாக இந்த வீட்டில் கதைக்கிறார்கள். ஒருவராவது அதைச் செய்து பார்க்கட்டும். நேரே தொத்தோர் புருனோவின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் இத்தாலியனில் கொட்டினார். ஐந்நூறு டொலர், மணிக்கூடு, சப்பாத்து, ரப்பர்ச் செருப்பு.

புருனோ எழும்பிக் கதவைச் சாத்தினார்.

"கோபால், சப்பாத்தைக் கழற்றியது இவர்தான் என்று வேறு யாரிடமாவது சொன்னாயா?"

"மனிசியிட்டை மட்டும்."

"நல்லது. இந்த அம்மையார் சந்தோசமாகப் போனால் அடுத்த வருடம் இன்னும் ஆறு நாடுகளிலிருந்து ஆட்கள் இங்கே வருவார்கள். நேர்மை படிக்க." மேசை லாச்சியைத் திறந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டினார். "இது உன்னுடைய புதுக் கொந்திராத்தோ. இரண்டு வருடம். ஞாயிற்றுக்கிழமை லீவு. இந்தா பேனை."

கோபாலசிங்கம் பேனையைப் பார்த்தார். யன்னலுக்கு வெளியே, எலுமிச்சை மரங்களுக்கு நடுவில், 'பொதுவாழ்வில் நேர்மை' என்று பெரிய எழுத்தில் போட்ட துணியை இரண்டு பேர் ஏணி வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் கையெழுத்துப் போட்டார்.

சனிக்கிழமை பத்து மணிக்கே வில்லா நிரம்பிவிட்டது. புருனோ இன்னொரு வேலையும் பார்த்திருந்தார். புகைப்படத்துக்கு ஆட்கள் வேண்டும் என்று கோபாலசிங்கத்தின் 'சமூகத்தை'யும் அழைத்திருந்தார். முப்பது பேர், பட்டுச் சேலையும் கோட்டுமாக, பகேரியா ரயிலில் வந்து இறங்கினார்கள். முப்பது பேருக்கும் சப்பாத்துக் கதை மனப்பாடம். எல்லோருக்கும் முன்னால் வந்தவர் செல்வராசா. கோபாலசிங்கத்தின் பழைய அறைத்தோழர், குரல் பெரிய மனிதர்.

"மச்சான், ஆரடாப்பா அந்த நல்ல மனுசன்?" என்று அவர் வாசலிலேயே கத்தினார். "அந்த எயாப்போட்டிலை உன்னை உரிஞ்சு விட்டவங்களெல்லோ!"

"மெல்லக் கதை! அது வேறை ஆள், இது வேறை ஆள்."

"இவ்வளவு காலமும் இவரைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லேல்லையே."

"நல்லதுகள் மறந்துபோகும், மச்சான்."

செல்வராசா அதைக் கேட்டு நெகிழ்ந்துபோனார். அவர் நெகிழ்ந்தால் ஆபத்து என்பது கோபாலசிங்கத்துக்குத் தெரியும். ஆனால் அந்த நேரம் கார் வந்துவிட்டது.

காரிலிருந்து ஜோசியா இறங்கினார். நீலக் கோட்டு, கையில் ஊன்றுகோல். கோபாலசிங்கம் எலுமிச்சை மரத்துக்குப் பின்னால் நின்று பார்த்தார். இருபத்தைந்து வருடமாக அவர் மனதில் இந்த மனிதனை எத்தனையோ விதமாக அடித்திருக்கிறார். இப்போது எதிரில் வந்தது, படியேறவே இரண்டு தரம் மூச்சு வாங்குகிற ஒரு கிழவர். அவர் கோபாலசிங்கத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

அம்மையார் பேசினார். பேராசிரியர் பேசினார். கோபாலசிங்கம் பதக்கத்தைப் போட்டார். அது முதலில் கிழவரின் காதில் மாட்டிக்கொண்டது. எல்லோரும் கைதட்டினார்கள். இதோடு முடிந்தது என்று கோபாலசிங்கம் மூச்சுவிட்ட நேரம், செல்வராசா மேடையில் ஏறி ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"ஒரு நிமிசம்!" என்றார் இத்தாலியனில். "இந்த மனிதரின் பெருமை உங்களுக்கு முழுதாகத் தெரியாது. அதே விமானநிலையத்தில், அதே நாட்களில், ஒரு கள்ளன் இருந்தான். என் நண்பனின் காசை எடுத்தான், மணிக்கூட்டை எடுத்தான். காலில் கிடந்த சப்பாத்தையும் கழற்றினான்! அப்படிப்பட்ட கள்ளனுக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்துகொண்டு இவர் சுத்தமாக இருந்திருக்கிறாரே, அதுதான் பெருமை!"

முன்வரிசையில் முப்பது தமிழ்த் தலைகள் "ஓம், ஓம்" என்று ஆடின. ரதி சேலைத் தலைப்பால் முகத்தை மூடினாள். மொனிகா அவசர அவசரமாக இங்கிலிஷில் சொல்லி முடித்தாள். இந்தமுறை அவள் எதையும் கூட்டவில்லை, கூட்ட இடமிருக்கவில்லை.

அம்மையாரின் முகம் மாறிவிட்டது. அவர் நேரே ஜோசியாவிடம் திரும்பினார்.

"அந்த நாட்களில் உங்களோடு வேலை செய்தவன் என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கவேண்டும். யார் அந்தக் கள்ளன்? எத்தனை வருடம் ஆனாலும் விடமாட்டேன்."

கோபாலசிங்கம் ஒரு கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டார். ஜோசியா அவரைப் பார்த்தார். அவர் ஜோசியாவைப் பார்த்தார். மண்டபத்தில் யாரோ ஒரு குழந்தை மட்டும் பிஸ்கற் கடித்துக்கொண்டிருந்தது.

கிழவர் ஒலிவாங்கிக்குக் கிட்டப் போனார்.

"அவனை எனக்கு நன்றாகத் தெரியும், அம்மா" என்றார். "இந்த மனிதர் விமானம் ஏறிய அதே கிழமை அவன் செத்துப்போனான்."

அம்மையார் தலையைக் குனிந்தார். செத்தவனுக்காக எல்லோரும் ஒரு நிமிடம் எழுந்து நின்றார்கள். செல்வராசாவும் நின்றார்.

சாப்பாடு பரிமாறத் தொடங்கியபோது கோபாலசிங்கம் சமையலறைக்குள் ஓடி ஒளிந்தார். பத்து நிமிடத்தில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. ஜோசியா, மொனிகாவையும் கூட்டிக்கொண்டு உள்ளே வந்து, கதவைச் சாத்தினார்.

"பிள்ளை, நான் அவரைக் காட்டிக்குடுக்கேல்லை எண்டு சொல்லு" என்று கோபாலசிங்கம் ஒரே மூச்சில் சொன்னார். "செல்வராசாவுக்கும் தெரியாது. பழசெல்லாம் விட்டாச்செண்டு சொல்லு. எனக்கு அந்தக் காசும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

மொனிகா சொன்னாள். கிழவர் மேசையில் கையூன்றி, கழுத்திலிருந்த பதக்கத்தை ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, மெல்லிய குரலில் நெடுநேரம் பேசினார். கேட்கக் கேட்க மொனிகாவின் கண்கள் பெரிதாகின. அவர் முடித்ததும் அவள் கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"என்னவாம்?" என்றார் கோபாலசிங்கம். "கோவிக்கிறாரோ?"

"இல்லை, அங்கிள்" என்றாள் மொனிகா. "நீங்கள் அண்டைக்குக் குடுத்த ஐந்நூறு டொலரும் கள்ளநோட்டாம், அதை மாத்தப்போய் வாங்கின அடியிலை, அதுக்குப் பிறகு ஒருத்தரிட்டையும் காசு வாங்கப் பயமாம்."